திருவக்கரையில் கேட்ட குரூப்

வைகாசி 10, ஞாயிற்றுக்கிழமை
நம் ஊர் அங்கன்வாடி

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு உன் அம்மா சௌந்தரம் ஆசையோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் பிரியாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உச்சி வெயிலில் நிற்காமல், ஒரு குறையும் இல்லாமல் இருக்க வக்கிரகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மன் பேரை எழுதும்போதே கை கூசுகிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் அப்பாவிடம் பேசி, பிரியாவிடம் பேசி, கடைசியில் என்னிடம் வரும்போது சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரி வெச்சிடறேன், அவ்வளவுதான். நான் சொல்லவேண்டியது அந்த ஒரு நிமிஷத்துக்குள் அடங்காது. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று இரண்டு தடவை பொத்தானை அழுத்தினேன், இரண்டு தடவையும் உன் பேரைச் சொன்னதோடு நிறுத்தி அழித்துவிட்டேன். கோட்டக்குப்பம் காசிம் பாய் லீவு முடிந்து புதன்கிழமை ஷார்ஜா கிளம்புகிறாராம். வறுத்த மல்லாட்டைக் கடலையும் கேப்பை மாவும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், மாவுப் பைக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ரூமில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து படிக்காதே, தனியாகப் படி.

இங்கே மே மாத லீவு, பிள்ளைகள் வருவதில்லை. சாவி என்னிடம் இருப்பதால் சென்டரைப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்துகொண்டு, எடை எழுதும் பழைய ரிஜிஸ்டரில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். இருபத்திரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. சத்தமில்லாத இடத்தில் இருந்து எனக்குப் பழக்கமே இல்லை, பதினேழு வருஷமாக யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டோ என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டோதான் இருக்கும். வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேலாக இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கிறது. நேற்று இங்கே சுவரில் ஒட்டியிருக்கிற யானைப் படத்தைப் பார்த்து, மணி ஆச்சு, நான் வீட்டுக்குப் போகட்டா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இதை எல்லாம் எழுதி உன்னைக் கலங்கவைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

சித்திரை மாதம் நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கண்டமங்கலத்து ஜெகதீசன் சார் உன் கம்பெனியில் சர்வே என்ஜினீயராக இருக்கிறார், அளவுகோல் பிடித்துக்கொண்டு நிற்கிற உன்னைப் பார்த்து, கருவி பார்க்கிற வேலையே நீ செய்யலாம், அதற்கு ஒரு படிப்பு வேண்டும், சாயங்காலக் காலேஜில் சேர், கம்பெனியில் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னாராம். நீயும் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்தாயாம். அந்தக் காலேஜில் மொத்த மார்க் எவ்வளவு என்று பார்க்கவே இல்லையாம், டிகிரி இருக்கிறதா என்றும் பார்க்கவில்லையாம், பன்னிரண்டாம் வகுப்பில் எந்தெந்தப் பாடம் படித்தாய் என்று மட்டும் பார்த்து, இயற்பியல் இருக்கிறது, கணிதம் இல்லை, ஆகவே சேர்க்க முடியாது என்று திருப்பிவிட்டார்களாம். இதை நீ பிரியாவிடம் சொல்லும்போது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா பதறிப்போய், அடப்பாவமே, அன்னிக்கே கணக்குல போட்டிருக்கலாமேடா என்றார். அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "ஆத்தா சொன்ன குரூப்புப்பா, நாம யாரு மேல கோவப்படறது, உடுப்பா" என்றாய். நீ கோபப்பட்டிருந்தால்கூட நான் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பேன். நீ சிரித்ததுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது, ஏனென்றால் நீ கோபப்பட வேண்டிய ஆளான நான் அங்கேயே அரிசிக் குண்டானோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு வந்த வாரத்தை நினைத்துப் பார். கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் நம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் மட்டும்தான் இருந்தது, நீ தமிழில் படித்தவன், அது வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரோடு கணக்கு, இல்லாவிட்டால் கணக்கே இல்லாத தாவரவியல் விலங்கியல் குரூப். கணக்கு வாத்தியார் சவுரிராயன் சார் வீடு தேடி வந்து, "இவனுக்குக் கணக்கு தானா வருதும்மா, நான் சொல்லிக்குடுக்கறதுக்கு முந்தி போட்டு முடிச்சுடறான், கணக்கு இருக்கிற குரூப்புல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கும் அதுதான் ஆசை, நீ வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் டாக்டர் டாக்டர் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உன் அப்பாவுக்கு இரண்டும் புரியவில்லை. "நமக்குத் தெரியாத விசயத்துல தலைய உட்டுக்கினு எதுக்குப் பேஜாரு, நிலம் வாங்கறதுக்கும் ஆத்தா கிட்டதான கேட்டோம், இதையும் கேட்டுக்கினு வந்துடலாம் வாங்க" என்று திருவக்கரைக்குக் கிளப்பிக்கொண்டு போனார்.

நம் வீட்டில் பூக் கேட்கிற வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. செவ்வரளி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் முன்னால் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்போம், எடுக்காததைப் பிரிக்காமலே மரத்தடியில் போட்டுவிடுவோம், அதைப் பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகும் என்று உன் அப்பா வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குச் சிவப்பு என்றால் கணக்கு, வெள்ளை என்றால் டாக்டர் குரூப் என்று அப்பா உரக்கச் சொல்லிவிட்டுக் கும்பிட்டார். ஆறு வயதுப் பிரியாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளைப் பூ வந்தது. நீ கீழே விழுந்து கும்பிட்டு எழுந்து, "ஆத்தாவே சொல்லிட்டா, உடும்மா, படிச்சிக்கினு போறேன்" என்றாய். வீட்டுக்கு வந்த கையோடு உன் கணக்கு நோட்டை எல்லாம் கட்டி உன் கூட்டாளி ராஜ்குமாரிடம் கொடுத்துவிட்டு வந்தாய்.

அந்தப் பொட்டலங்களைக் கட்டியது நான். கை ராசி என்று எப்போதும் என்னைத்தான் கட்டச் சொல்வார்கள். கோயில் வாசலில் பூ விற்கிறவளிடம் செவ்வரளி வாங்கினேன், வாங்கியதை உன் அப்பாவும் பார்த்தார். ஆனால் நான் அதை மடியில் செருகிக்கொண்டு, இரண்டு இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன், அறிவு. பிரியா எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். எடுக்காத பொட்டலத்தை மரத்தடியில் போடுகிற வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன், எங்கே யாராவது பிரித்துவிடுவார்களோ என்று குதிகாலால் மண்ணில் அழுத்தி மிதித்தேன். மடியில் இருந்த அரளியைப் பஸ் ஜன்னல் வழியாகப் போட்டேன். எழுதிவிட்டேன். மேலே எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வருஷம் பங்குனியில் எடை குறைந்த பிள்ளைகளின் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர், உன்னைவிடப் பத்து வயதுதான் பெரியவனாக இருப்பான், என்னை உட்காரச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் நிற்கவைத்தான். அப்புறம் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எட்டும் மூன்றும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாயே, பள்ளிக்கூடம் போயிருக்கிறாயா இல்லையா என்று நோயாளிகள் முன்னால் கேட்டான். நான் பத்தாவது பாஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது என் பிள்ளையை இதே நாற்காலியில் உட்காரவைக்கிறேனா இல்லையா பார் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். உன்னைப் பற்றி நினைத்துச் செய்ததாக ஒன்பது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, நான் நினைத்தது முழுக்க அந்த டாக்டரையும் என்னையும்தான்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீட் இரண்டு தடவை எழுதினாய். இரண்டாம் தடவை ரிசல்ட் வந்த அன்று கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தாய், நான் உன்னிடம் வரவே இல்லை, உனக்குக் கோபம் இருந்திருக்கும், இவ்வளவு ஆசைப்பட்டவள் ஒரு ஆறுதல் சொல்ல வரவில்லையே என்று. எனக்குப் பயம். அம்மனை ஏமாற்றியதற்கு அம்மன் பிள்ளை மேல் கை வைத்துவிட்டாள் என்று பயம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவக்கரைக்குப் போய் விளக்குப் போட்டேன், உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எல்லாரும் மெச்சினார்கள், நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வேறு வழி இல்லாமல் விலங்கியல் டிகிரி படிக்க விழுப்புரம் பஸ் ஏறினாய். மூன்று வருஷம் காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் போவாய். அந்த டிகிரிக்கு இங்கே வேலை கிடைக்காமல்தான் நீ நிழலும் இல்லாத பாலைவனத்தில் போய்க் கோல் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ஒரு பூவை மாற்றியதில் இவ்வளவு தூரம் போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாதுடா கண்ணா.

இப்போது பிரியாவின் முறை வந்தது. பத்தாவதில் நல்ல மார்க், உனக்கே தெரியும். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை உன் அப்பா மறுபடியும் அதே மாதிரி கிளம்பினார், அதே செவ்வரளி, அதே நந்தியாவட்டை, அதே சிவப்புக்குக் கணக்கு வெள்ளைக்கு டாக்டர். இந்தத் தடவை நான் ஒழுங்காக ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையுமாகக் கட்டினேன், நூல் இரண்டு தடவை அவிழ்ந்துபோனது, மறுபடி சுற்றினேன். சன்னிதியில் வைத்து, நீயே எடும்மா என்று அப்பா பிரியாவிடம் சொன்னார். அவள் பின்னால் நகர்ந்துபோய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எடுக்க மாட்டேம்ப்பா. அண்ணனுக்கு நான் எடுத்துக் குடுத்ததாலதான் இன்னிக்கு அது அந்த வெயில்ல நின்னுக்கினு இருக்குது. அன்னிக்கு வலப்பக்கம் எடுத்திருந்தா அது என்ஜினீயரு. என் கை ஆவாத கை" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பூசாரியே திரும்பிப் பார்த்தார். உன் காலேஜ் விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு மாதமாக என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை பார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்தாள். அம்மன் பார்த்துக்கொண்டிருக்க, உன் அப்பா நின்றுகொண்டிருக்க, "உன் கை ஒண்ணும் பண்ணலடி, நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளதான், ரெண்டுலயும் நான்தான் வெள்ளயே வெச்சிக் கட்டினேன்" என்று சொல்லிவிட்டேன். பிரியா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். உன் அப்பா இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மரத்தடியில் வைத்தார், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது, அவர் என்னோடு பேசவில்லை. திட்டினால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு ஓய்ந்துபோவேன், உனக்கு என் வாய் தெரியும். இவர் திட்டவும் இல்லை. தட்டை அவரே எடுத்து வைத்துக்கொள்கிறார், தண்ணீர் வேண்டும் என்றால் பிரியாவைக் கூப்பிடுகிறார், அவள் இல்லாவிட்டால் எழுந்து போய் மொண்டு குடிக்கிறார். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். பிரியா பயந்துபோய் எதற்கு என்று கேட்டதற்கு, "உங்கம்மா செஞ்சதுக்கு யாராவது ஒருத்தரு தலைய குடுத்துத்தான ஆவணும்" என்றாராம். நான் செய்த தப்புக்கு அவர் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார், இந்த மனுஷனை நான் என்ன செய்ய. வெயிலில் தலை எரியும் என்று தேங்காய் எண்ணெயை அவர் படுக்கிற இடத்தில் வைத்தேன், தடவிக்கொண்டார், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார். நீ நீட்டில் தோற்றதெல்லாம் அம்மன் கொடுத்த தண்டனை என்று அவர் நம்புகிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன், இப்போது இல்லை. உனக்குப் பிடிக்காத பாடத்தைப் படிக்கவைத்தேன், உனக்கு வரவில்லை, இதில் அம்மனை இழுப்பது எனக்கு இன்னும் ஒரு பொய் மாதிரித்தான் படுகிறது.

பிரியா திங்கட்கிழமை தானே பள்ளிக்கூடம் போய்ப் படிவம் வாங்கி வந்தாள். சிவப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம் என்று வணிகவியல் குரூப் எழுதினாள், அதில் கணக்குப்பதிவியலும் வணிகக் கணிதமும் வருமாம், ஆடிட்டருக்குப் படிக்கப் போகிறாளாம். அப்படி ஒன்று அவள் மனசில் இருந்தது என்று எனக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது, உனக்குச் சொல்லியிருக்கிறாளாமே. டாக்டர் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அப்பா போட்டுட்டாரும்மா என்றாள். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு ஒரு வேலையைச் செய்து முடித்தது எனக்கு வலித்தது, ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

வியாழக்கிழமை நான் சவுரிராயன் சார் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷமாக அவர் எதிரில் வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவேன். கதவைத் திறந்ததும், "இன்னாம்மா, இன்னிக்கு சந்து அடைச்சிட்டாங்களா, நேரா வந்துட்ட" என்றார், எல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவரிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க அம்மன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா, வருத்தம்லாம் உன் மேலதான்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, வா விழுப்புரம் போகலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். விசாரித்ததில் தெரிந்தது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பை முழுசாக மறுபடி படிக்க வேண்டியதில்லை, திறந்தநிலைப் பள்ளியில் வேண்டிய பாடத்தை மட்டும் எடுத்துப் பரீட்சை எழுதலாம், பாஸானால் அந்தப் பாடத்துக்குத் தனியாகச் சான்றிதழ் உண்டு. ஆனால் அதை உன் காலேஜ் ஏற்றுக்கொள்ளுமா என்பதை முதலில் நீ எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும், காலேஜுக்குக் காலேஜ் சட்டம் வேறு என்று சார் மூன்று தடவை சொன்னார். ஜெகதீசன் சாரையும் கேட்டுக்கொள். இந்தத் தடவை யாரையும் எதையும் நம்பிக் குதிக்காமல் எழுத்தில் வாங்கிக்கொண்டு இறங்கு. சரி என்று அவர்கள் சொன்னால், புத்தகம் எல்லாம் சார் படம் எடுத்து அனுப்புவாராம், வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் சொல்லிக்கொடுப்பாராம், எனக்கும் பொழுது போகணும்ல என்கிறார். பரீட்சைக்கு மட்டும் நீ லீவு போட்டு இங்கே வரவேண்டியிருக்கும். உன்னை ஊருக்கு வரவழைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைக்காதே. கொஞ்சம் அதற்காகவும்தான், பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மல்லாட்டையை ரூமில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ வெறும் பையை வைத்துக்கொண்டு உட்காராதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும். தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. பிரியாவுக்குப் போன் பண்ணி, உன் கை மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீயும் ஒரு தடவை சொல், நான் சொன்னால் பாதிதான் நம்புகிறாள். அப்பாவிடம் என்னைப் பற்றி எதுவும் பேச வேண்டாம், அவர் கோபம் அவருடையது, அது எப்போது ஆறுமோ அப்போது ஆறட்டும். உனக்குக் கோபம் வந்தால் அதை அடக்கிக்கொண்டு சிரிக்காதே, எனக்குப் போன் போட்டுத் திட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் சென்டரில் தனியாகத்தான் இருக்கிறேன். போன் பண்ணவே பிடிக்காவிட்டாலும் சரி, அதற்காகச் சாப்பாட்டை விடாதே.

இதோடு அந்தத் திறந்தநிலைப் பள்ளி விண்ணப்பத்தின் நகல் வைத்திருக்கிறேன். நீ எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டிப் படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். ஆடி முடிவதற்குள் அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே. உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, படித்த பள்ளிக்கூடம் எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பிவிட்டேன், எட்டும் மூன்றும் தெளிவாக இருக்கும், பயப்படாதே. பாடம் என்று போட்டிருக்கிற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். மனசு கேட்காமல் பென்சிலால் கணிதம் என்று முதலில் எழுதிவிட்டேன், அப்புறம் ரப்பர் போட்டு அழித்தேன். உற்றுப் பார்த்தால் தடம் தெரியும், அதைப் பார்த்து எழுதாதே. பின்பக்கம் எல்லாப் பாடங்களின் பெயரும் இருக்கிறது, நிதானமாகப் படி, எது வேண்டுமோ அதை உன் கையால் எழுது. எதுவும் வேண்டாம் என்று பட்டால் வெறுமனே விட்டுவிடு, அதையும் நான் மாற்றி எழுத மாட்டேன்.

நூறு வயசு நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையில் இருந்து, நிழலில் உட்கார்ந்து சம்பாதித்துச் சாப்பிட உன்னை வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. சௌந்தரம்